வன்னிக் குடும்பத்தின் உணவுச் செலவு: ஒரு வரலாற்று நோக்கு

குடும்பமொன்றின் மாதாந்த உணவுச் செலவு இரு காரணங்களாற் குறையலாம். வாங்கவேண்டிய தேவை இல்லாமையாற் குறைவது ஒன்று. தேவை இருந்தும் வாங்க இயலாமையாற் குறைவது மற்றொன்று. செலவுக் கணக்கிலே இவ்விரண்டும் ஒரே தொகையாகத் தோற்றமளித்தல் கூடும். ஆயின் முன்னையது குடும்பத்தின் வலிமையையும் பின்னையது அதன் இயலாமையையும் காட்டுவன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் அண்மைக்கால வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வேறுபாட்டை உணராது சிக்கனத்தைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது என்பது புலனாகும்.

குடும்பச் செலவை ஆராய்ந்தோருள் முன்னோடியாகக் கருதப்படுபவர் ஏர்ணஸ்ற் ஏங்கல் என்னும் ஜேர்மானியப் புள்ளிவிபரவியலாளராவார். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து, வருமானம் குறைந்த குடும்பம் தன் வருமானத்தில் உணவுக்குச் செலவிடும் பங்கு கூடுதலாக இருக்குமென 1857இல் அவர் எடுத்துக்காட்டினார். உணவு முழுவதையும் விலைக்கு வாங்கும் குடும்பத்திற்கு இவ்விதி நன்கு பொருந்தும். தான் விளைவித்ததைத் தானே உண்ணும் குடும்பத்தின் உணவோ, பணக் கணக்கினுள் முழுமையாக அடங்குவதில்லை. வன்னியின் பழங்கிராமங்கள் இவ்வகையினவே.

குளத்தை அண்டிய அக்கிராமங்களில் வயல் நெல்லைத் தந்தது. சேனை குரக்கனையும் பயறையும் தந்தது. குளம் மீனைத் தந்தது. காடு தேனையும் இறைச்சியையும் தந்தது. வளவில் நின்ற முருங்கையும் மாட்டுப்பட்டியின் பாலும் கறிக்கும் தயிருக்கும் போதுமாயின. உப்பு, புடைவை, மண்ணெண்ணெய் போன்ற சிலவற்றுக்கே பணம் வேண்டியிருந்தது. எனினும் அக்காலத்தைப் பொற்காலமெனக் கொள்ளுதல் தவறாகும். மழை பொய்த்த ஆண்டில் பட்டினியும், மழை பெய்த பின் மலேரியாவும் அம்மக்களை வாட்டின. செலவு குறைவாயிருந்தது, வாழ்வு பாதுகாப்பாயிருந்ததெனக் கூறுதற்கில்லை.

இந்நிலையில் அரசின் கை சமையலறை வரை நீண்டது இரண்டாம் உலகப் போரின்போதாகும். 1942இல் பர்மா யப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பன் புத்தகமும் சங்கக் கடையும் குடும்ப வாழ்வின் அங்கங்களாயின. போர் முடிந்த பின்னரும் பங்கீடு நீடித்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். மீண்டும் பதவியேற்ற அவரது அரசாங்கம் 1966 டிசம்பரில் வாராந்தப் பங்கீட்டை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்து, அதனை இலவசமாக வழங்கியது. அரசின் செலவு குறைந்தது. குறைந்த கொத்தை ஈடுசெய்யும் பொறுப்பு குடும்பத்தைச் சார்ந்தது.

அதே காலத்திலே வன்னியின் நிலமும் மாறிக்கொண்டிருந்தது. வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய பழங்குளங்கள் திருத்தப்பட்டன; குடியேற்றங்கள் தோன்றின. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபருக்கெனக் காணிகள் வழங்கப்பட்டன. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும், நீரிறைக்கும் இயந்திரங்களின் துணையுடன் மிளகாய் பயிரிட்ட இவ்விளைஞர் பலரின் கையிற் பணம் புழங்கலாயிற்று.

ஆனால் 1973இல் உலகச் சந்தையில் தானியத்தின் விலையும் எண்ணெயின் விலையும் ஏற, அந்நியச் செலாவணியற்ற இலங்கை பெரும் உணவு நெருக்கடிக்குள்ளாயிற்று. பங்கீடு மேலும் குறுக்கப்பட்டது. தனியார் அரிசி கொண்டுசெல்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. வீதித் தடைகளிற் பைகள் சோதிக்கப்பட்டன. பாணுக்காக மக்கள் விடியுமுன் வரிசையில் நின்றனர். மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தது. மலையகத் தோட்டங்களிலோ பட்டினி உயிர்களைக் காவுகொண்டது. அங்கிருந்து பிழைப்புத் தேடி வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல, கூலிக்கு வயல்களிலும் தோட்டங்களிலும் உழைத்தன.

இவ்விடத்தில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. காணியுடையவன் வீட்டில் நெல்லும் மரக்கறியும் விளைந்தமையால் உணவுச் செலவு குறைந்தது. அவன் தோட்டத்தில் மிளகாய் பிடுங்கிய கூலியாளின் வீட்டில், ஒரு நேர உலை ஏறாமையாற் செலவு குறைந்தது. ஒரே நிலத்தில், ஒரே பருவத்தில், இருவகைக் குறைப்பும் அருகருகே நிகழ்ந்தன. அக்காலத்தைத் தன்னிறைவின் காலமென்று மட்டும் போற்றுவோர் முதலாவதையே காண்கின்றனர்.

1977இல் ஆட்சி மாற, இறக்குமதி தளர்த்தப்பட்டது. மலிவான மிளகாயும் வெங்காயமும் வந்திறங்க, அவற்றை நம்பியிருந்த வன்னி விவசாயியின் வருமானம் தளர்ந்தது. 1978 தொடக்கத்தில் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கென இலவசப் பங்கீடு மட்டுப்படுத்தப்பட்டது. 1979இல் அதன் இடத்தை உணவு முத்திரை பெற்றது. பங்கீடு அளவாற் குறிக்கப்பட்டது. முத்திரையோ பணத்தாற் குறிக்கப்பட்டது. ஆகவே விலை ஏற ஏற முத்திரையின் பெறுமதி தேய்ந்தது. கொத்தைக் குறைப்பதாயின் அரசு வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். முத்திரை ஓசையின்றித் தானே குறையும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வன்னி மக்கள் பொருளாதாரத் தடையை எதிர்கொண்டனர். எரிபொருள், பசளை முதலியன தடுக்கப்பட்டமையால் நீரிறைப்பும் வேளாண்மையும் தளர்ந்தன. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியும், கோதுமை மாவுக்குப் பதிலாகக் குரக்கனும் ஒடியலும் மீண்டும் சமையலறைக்குள் வந்தன. வளவும் கிணறும் உடையோர் இவ்வாறு ஓரளவு சமாளித்தனர். ஆயின் 1995இன் பிற்பகுதியிலும் 1996இலும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோருக்கும், 1996இல் கிளிநொச்சி நகரை விட்டு நீங்கியோருக்கும் அவ்வழியும் இருக்கவில்லை. மக்கள் இடம்பெயரலாம், கிணறும் முருங்கையும் இடம்பெயர்வதில்லை. நிவாரண அட்டைக்குக் கிடைத்த உலருணவே அவர்களிற் பலருக்கு ஆதாரமாயிற்று.

2009இல் முள்ளிவாய்க்காலில் முற்றுகைக்குள் அகப்பட்ட மக்களின் உயிரைத் தாங்கியது அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சி நினைவாக வழங்கப்படுகின்றது. எஞ்சியோரிற் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்தின் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கு வழங்கப்பட்ட உணவை மட்டும் உண்டு வாழ்ந்த குடும்பத்தின் உணவுச் செலவு, கணக்கேட்டின்படி, பூச்சியமாகும். உணவுச் செலவு முற்றாக அற்றுப்போன அந்நிலையைச் சிக்கனமென்று எவரும் கூறத் துணியார். செலவின் அளவைக் கொண்டு மாத்திரம் வாழ்வை அளத்தல் எத்துணைத் தவறென்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டியதில்லை.

மீள்குடியேற்றத்தின் பின்னரும் சில ஊர்களின் காணிகள் இராணுவத்தினர் வசமிருந்தன. முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்புலவு மக்கள் 2017இல் தொடர் போராட்டத்தில் இறங்கியது தம் காணிகளை மீட்பதற்காகவே. தன் வளவில் தேங்காயும் மாங்காயும் பறித்த குடும்பம் அவற்றைக் கடையில் வாங்க நேரிடுகையில், காணி இழப்பு உணவுச் செலவாக உருமாறுகின்றது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 94.9 வீதத்தை எட்டியதும் இச்சுமையைப் பன்மடங்காக்கின. வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசாங்கம் மக்களை ஊக்கியது. நல்ல அறிவுரையே. ஆயின் நிலமும் நீரும் உழைப்பதற்கு நேரமும் உள்ளவருக்கே அது பயன்படும். பகல் முழுதும் கூலிக்குச் சென்று தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு, மாலையில் நீரள்ளி ஊற்றும் தோட்டம் இன்னொரு வேலைநாளாகும்.

தொகுத்து நோக்கின், வன்னிக் குடும்பத்தின் உணவுச் செலவைக் குறைத்த காரணிகள் சமையலறைக்கு வெளியிலேயே பெரிதும் அமைந்தன எனலாம். குளத்தின் திருத்தமும் காணியின் உரிமையும் விளைபொருளின் விலையும் நற்குறைப்புக்கு வழிவகுத்தன. பங்கீட்டு வெட்டும் தடையும் இடப்பெயர்வும் பட்டினிக் குறைப்புக்கு வழிவகுத்தன. ஆகவே ஒரு குடும்பம் எவ்வளவு குறைவாகச் செலவிட்டது என்று வினவும் ஆய்வாளன், அவ்வீட்டில் எத்தனை நேரம் உலை ஏறியது என்றும், இறுதியாக உண்டவர் என்ன உண்டார் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும் வரை, குறைந்த செலவு சிக்கனமா பட்டினியா என்று தீர்ப்புக் கூற எவருக்கும் தகுதியில்லை.