குற்றாலத்தில் எது வைத்தியம்?

சித்தம் கலங்கியவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை தென்மாவட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. பித்தம் தலைக்கேறியதுதான் நோய். எண்ணெயும் குளிர்ந்த தண்ணீரும் அந்தச் சூட்டை இறக்கும் என்பது அதன் கணக்கு. இதை மூடத்தனம் என்று தள்ளுகிறவர்களும் முன்னோர் கண்ட வைத்தியம் என்று கொண்டாடுகிறவர்களும் தண்ணீரை மட்டுமே பார்க்கிறார்கள். குற்றாலம் யாரையாவது தேற்றியிருந்தால், அங்கே தங்கிக் கழித்த நாட்களின் ஒழுங்குக்கே அதில் பெரும்பங்கு என்பது என் கணிப்பு.

ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை மலையில் பிடித்துக்கொள்ள, தென்காசி வரை சாரல் அடிக்கும். கும்பினி காலத்திலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் உடம்பு தேற இங்கே வந்து தங்கினார்கள். 1904-இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் வருவது எளிதாயிற்று. சீசனுக்குத் தங்க வந்தவரின் நாள் எப்படிப் போகும்? காலையில் நல்லெண்ணெய் தேய்த்து ஊறுவது, அருவியில் நிற்பது, நன்றாகப் பசித்துச் சாப்பிடுவது, ஐந்தருவி வரை நடப்பது, ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்குவது. கூடவே பேச்சுத்துணை. இலக்கிய ரசிகரான ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும்வரை குற்றாலத்தில் நடத்திய வாழ்க்கையே விருந்தும் கவிதையும் பேச்சுமாக இருந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கே போய்வந்தவர்கள். லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்றைய மருத்துவர் சொல்லும் தூக்கம், நடை, நேரத்துக்கு உணவு, மனிதத் தொடர்பு எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகின்றன.

மலை மூலிகைகளில் உரசி வரும் தண்ணீருக்கே மருந்துக்குணம் உண்டே என்பார்கள். அவ்வளவு வெள்ளத்தில் கரையும் மூலிகைச்சாறு எத்தனை துளி தேறும்? சரி, குளிர்ந்த நீரின் அதிர்ச்சியாவது மூளையை உலுக்காதா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1725 வாக்கில் இங்கிலாந்தில் பேட்ரிக் பிளேர் என்ற மருத்துவர், ஒரு பெண்ணை நாற்காலியில் கட்டி, கண்ணையும் கட்டி, உயரத்திலிருந்து தண்ணீரைக் கொட்டவிட்டார். கணவனுக்கு இணங்குகிறேன் என்று அவள் சொன்னதையே குணமாகக் கணக்கெழுதினார். பயத்தில் அடங்குவதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து நம்மூரிலும் இருக்கிறது. திமிறுகிறவரை இருபுறமும் பிடித்து அருவிக்குள் தள்ளும்போது, தானாக விரும்பி வந்தவருக்குக் கிடைத்த நடையும் பேச்சும் உறக்கமும் அவருக்குக் கிடைப்பதில்லை. தண்ணீரின் அடி மட்டுமே மிஞ்சுகிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் பற்றிய தீயில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அது தர்கா ஊர், இது அருவி ஊர். ஆனால் நோயாளியின் சம்மதத்தைக் கேட்காத வைத்தியம் எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா என்றால், அந்த முடிவுக்கு இந்த வரலாறு இடம் தரவில்லை. படுக்கையைவிட்டு எழவே முடியாதவரிடம் நடக்கச் சொல்வது கொடுமை. சாவை நினைப்பவரைச் சாரலுக்கு அனுப்பிவைப்பது பொறுப்பின்மை. அவர்களுக்கு முதலில் மருத்துவர், பிறகுதான் மற்றதெல்லாம். மாதக்கணக்கில் தங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் எண்ணெய்க் குளியலையும் மாலை நடையையும் வேளைக்குத் தூங்குவதையும் சொந்த ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு அருவி தேவையில்லை. அதற்கும் மனம் ஒத்துழைக்காதபோது, 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.