விண்ணப்பத்தில் யாருடைய கையொப்பம்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் நம் மண்ணின் போராட்டங்களைப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாம் கடல் கடந்து ஓர் ஊருக்குப் போய்வருவோம். சேர்க்கை, நுழைவுத் தேர்வு, தகுதி என்று நாள்தோறும் நம் காதில் விழும் சொற்கள் அந்த ஊரில் எப்படிப் புழங்கின என்று அறிந்தால், இங்கே நமக்குச் சொல்லப்படும் நியாயங்களை எடைபோட ஓர் அளவுகோல் கிடைக்கும்.

அந்த ஊரின் பெயர் டர்ஹம். அமெரிக்காவின் தென்பகுதியில், வட கரோலினா மாநிலத்தில், புகையிலையால் வளர்ந்த நகரம். 1980-இல் அங்கே ஓர் அரசுப் பள்ளி தொடங்கப்பட்டது. வட கரோலினா அறிவியல் கணிதப் பள்ளி என்று பெயர். மாநிலத்தின் எந்த மூலையில் இருந்தும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்கள் 11, 12 ஆகிய இரு வகுப்புகளையும் விடுதியில் தங்கிப் படிப்பார்கள். படிப்புக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. முதல் ஆண்டு சேர்ந்தவர்கள் 150 பேர். மாநில அரசொன்று அறிவியலுக்கென்றே நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அமெரிக்காவில் இதுவே முதலாவது. இதைப் பார்த்து லூசியானா 1983-இலும் இல்லினாய் 1986-இலும் மிசிசிப்பி 1988-இலும் இவ்வகைப் பள்ளிகளைத் திறந்தன.

நாவலாசிரியர் ஜான் ஈலி இப்படியொரு பள்ளி வேண்டும் என்று வாதாடினார். முன்னாள் ஆளுநர் டெர்ரி சான்ஃபோர்ட் துணைநின்றார். ஆளுநர் ஜிம் ஹண்ட் காலத்தில் சட்டமன்றம் 1978-இல் ஒப்புதல் தந்தது. பள்ளியின் வரலாறு பொதுவாக இந்த இடத்திலிருந்துதான் எழுதப்படுகிறது. நாம் இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கட்டடத்தின் கதை

பள்ளிக்கென்று புதுக் கட்டடம் எதுவும் எழுப்பப்படவில்லை. மூடிக்கிடந்த வாட்ஸ் மருத்துவமனையின் வளாகம் அதற்குத் தரப்பட்டது. ஜார்ஜ் வாட்ஸ் என்ற புகையிலைச் செல்வர் 1895-இல் தொடங்கிய மருத்துவமனை அது. 1909-இல் இந்த வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. வெள்ளையருக்கு மட்டுமான மருத்துவமனை.

கறுப்பினத்தாருக்கு டர்ஹமில் வேறொரு மருத்துவமனை இருந்தது. 1901-இல் திறக்கப்பட்ட லிங்கன் மருத்துவமனை. தன் மருத்துவமனையிலேயே கறுப்பினத்தாருக்குத் தனி வார்டு சேர்க்கலாம் என்ற எண்ணம் வாட்ஸுக்கு இருந்தது. டர்ஹமின் முதல் கறுப்பின மருத்துவர் ஆரன் மூரும் அவருடைய நண்பர்களும் அதை விரும்பவில்லை. தனி வார்டில் கறுப்பின நோயாளி படுக்கலாம். கறுப்பின மருத்துவர் அங்கே மருத்துவம் பார்க்க முடியாது. ஆகவே தம் மருத்துவர்களும் செவிலியரும் பணிபுரியத் தனி மருத்துவமனையே வேண்டும் என்று புகையிலை முதலாளிகளான டியூக் குடும்பத்தாரிடம் பேசிப் பணம் பெற்றார்கள். படுக்கை கிடைப்பது வேறு, அதிகாரம் கிடைப்பது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1963-இல் அதே மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகர மருத்துவமனைகள் மீது தொடரப்பட்ட வழக்கில், அரசுப் பணத்தில் கட்டப்பட்ட மருத்துவமனைகள் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976-இல் டர்ஹமில் எல்லாருக்குமான பொது மருத்துவமனை வந்தபோது வாட்ஸ், லிங்கன் இரண்டும் மூடப்பட்டன. நான்கு ஆண்டுகள் கழித்து வாட்ஸ் வளாகத்துக்குள் மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் சிலரின் பாட்டன் பாட்டிகள் அந்த வாசலில் நோயாளியாகக்கூட நுழைந்திருக்க முடியாது.

விண்ணப்பித்தவர்களின் கதை

கட்டடத்துக்கு இருப்பதைப் போலவே விண்ணப்பத்துக்கும் அந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு. 1933-இல் டாமஸ் ஹோகட் என்ற இளைஞர் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பள்ளிக்கு விண்ணப்பித்தார். டர்ஹமில் இருந்த கறுப்பினத்தார் கல்லூரியில் படித்தவர். நிறத்தைக் காட்டி இடம் மறுக்கப்பட்டதும் நீதிமன்றம் போனார். உயர்கல்வியில் நிறத்தீண்டாமையை எதிர்த்து நடந்த முதல் வழக்குகளில் ஒன்று அது. அவர் தோற்றார். அவருடைய மதிப்பெண் சான்று இணைக்கப்படாததால் விண்ணப்பம் முழுமையாக இல்லை என்பது தோல்விக்குக் காரணமானது. அந்தச் சான்றைத் தர மறுத்தவர் அவர் படித்த கல்லூரியின் தலைவர் ஜேம்ஸ் ஷெப்பர்ட். அவரும் கறுப்பினத்தவரே.

ஷெப்பர்டைத் துரோகி என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அவருடைய கல்லூரி வெள்ளையர் நிறைந்த சட்டமன்றம் ஒதுக்கும் பணத்தில் நடந்தது. ஒரு மாணவருக்குக் கையெழுத்துப் போட்டால் பல நூறு மாணவர்களின் கல்லூரிக்கு ஆபத்து வரும் என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்கும். அவர் காப்பாற்றிய கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக இயங்குகிறது. ஆனால் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது: விண்ணப்பத்தை எழுதியது ஹோகட்டின் கை என்றாலும், அதை முழுமையாக்கும் உரிமை இன்னொருவர் கையில் இருந்தது. அந்தக் கையையோ மேலே இருந்த வேறொரு கை பிடித்துவைத்திருந்தது.

1938-இல் பாலி மர்ரி விண்ணப்பித்தார். டர்ஹமில் பாட்டி வீட்டில் வளர்ந்து, அங்குள்ள கறுப்பினத்தார் பள்ளியான ஹில்சைடில் படித்தவர்; பின்னாளில் புகழ்பெற்ற வழக்கறிஞர். அவருடைய பாட்டியை அடிமையாக வைத்திருந்த குடும்பம் அதே பல்கலைக்கழகத்துக்கு நிலம் எழுதிவைத்த குடும்பம். பேத்தி முதுகலை படிக்க இடம் கேட்டபோது, அவருடைய இனத்தாரைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது.

1951-இல் நீதிமன்ற ஆணையால் சட்டப் பள்ளி திறந்தது. 1955-இல் ஹில்சைடு பள்ளியில் படித்த மூன்று பேர், லிராய் ஃபிரேசியர், ரால்ஃப் ஃபிரேசியர், ஜான் லூயிஸ் பிராண்டன், வழக்காடி வென்று இளநிலை வகுப்புகளில் சேர்ந்தார்கள்.

பள்ளிகளில் நடந்தது இன்னும் நுட்பமானது. தனித்தனிப் பள்ளிகள் செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட கரோலினா அதை வெளிப்படையாக எதிர்க்கவில்லை. 1955-இல் ஒரு சட்டம் இயற்றி, எந்த மாணவர் எந்தப் பள்ளிக்குப் போவது என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை உள்ளூர்க் கல்வி வாரியங்களிடம் கொடுத்தது. வெள்ளையர் பள்ளிக்குப் போக விரும்பும் கறுப்பினக் குழந்தை ஒவ்வொன்றும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தில் நிறம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. படிவம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. 1957-இல் சார்லட் நகரில் அப்படி இடம் பெற்ற டொரத்தி கவுன்ட்ஸ் என்ற 15 வயதுப் பெண், கல்லும் எச்சிலும் வசவும் தாங்கி, நான்கே நாளில் அந்தப் பள்ளியைவிட்டு விலக நேர்ந்தது. உரிமையாக வர வேண்டியது விண்ணப்பமாக மாற்றப்பட்டதும், அதன் சுமை முழுவதும் ஒரு குழந்தையின் தோளுக்குப் போய்விட்டது.

பிறகு பள்ளிகள் இணைக்கப்பட்டபோது தென்மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினத்தார் பள்ளிகளே. பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். மாணவர்கள் உள்ளே போக, அவர்களை அறிந்த ஆசிரியர்கள் வெளியே போனார்கள்.

தேர்வும் தொகுதியும்

இவ்வளவும் நடந்த மாநிலத்தில்தான் 1980-இல் அறிவியல் பள்ளி வந்தது. அதன் விண்ணப்பத்தில் நிறத்தடை இல்லை. என்ன கேட்டார்கள்? மதிப்பெண்கள், மாணவரே எழுதிய கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைகள். நெடுங்காலம் பொதுத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கப்பட்டது. நேர்மையான பட்டியல்தான். ஆனால் ஆசிரியர் பரிந்துரை என்ற ஒரு வரியை, வேலை இழந்த அந்த ஆசிரியர்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். "உனக்குக் கணக்கு நன்றாக வருகிறது, விண்ணப்பம் போடு" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவரை அகற்றிவிட்டு, விண்ணப்பம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

அந்தப் பள்ளிக்கான சட்டத்தில் இன்னொரு விதி உண்டு. தேர்வுத் தரம் கெடாத வகையில், இயன்ற வரை, மாநிலத்தின் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் சம எண்ணிக்கையில் மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்கிறது அது. வசதியான நகரத்துப் பிள்ளைகளே எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மலைப்பகுதிப் பிள்ளைக்கும் கடற்கரைப் பிள்ளைக்கும் பங்கு வேண்டும். நல்ல விதி. நம் மொழியில் இதற்குப் பெயர் இடஒதுக்கீடு. பிறந்து வளர்ந்த இடம் வாய்ப்பைக் குறைக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதைச் சரிக்கட்டும் ஏற்பாடு.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பில் இருந்த இரு நிறுவனங்களில் ஒன்று ஹார்வர்டு. மற்றொன்று, ஹோகட்டையும் மர்ரியையும் வாசலில் நிறுத்திய அதே வட கரோலினா பல்கலைக்கழகம். அறிவியல் பள்ளியும் 2007 முதல் அந்த மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் உறுப்பு. ஆக, எந்தத் தொகுதி என்று பார்க்கலாம். எந்த இனம் என்று பார்க்கக் கூடாது.

நம் ஊரில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. சென்னை மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுத்த முறையை, 1968-இல் ராஜேந்திரன் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதே தீர்ப்பு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலை ஏற்றுக்கொண்டது. அங்கே இடம் நின்றது, இனம் போனது. இங்கே மாவட்டம் போனது, சாதிவாரி ஒதுக்கீடு நின்றது. தகுதி என்பது தராசில் நிறுத்துப் பார்க்கும் பொருளாக இருந்திருந்தால் இரண்டு நாடுகளிலும் ஒரே எடை காட்டியிருக்கும். எந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுப்பது, எதைக் காணாததுபோல் விடுவது என்று முடிவுசெய்பவர்கள்தான் ஒவ்வொரு காலத்திலும் தகுதியின் எடைக்கல்லை வைத்திருக்கிறார்கள்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். இந்தியக் குடிமைப் பணித் தேர்வை லண்டனோடு இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டபோது, 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேரின் கையொப்பத்தோடு எதிர்ப்பு மனு அனுப்பினார். படிப்பு மறுக்கப்பட்டவர்கள் இருக்கும் நாட்டில் நடத்தப்படும் பொதுப் போட்டி, முன்பே படித்தவர்களின் கைக்கே அதிகாரத்தைக் கொண்டுசேர்க்கும் என்பது அவர் கவலை. தேசவிரோதம் என்று அன்று ஏசினார்கள். விண்ணப்பம் போடும் நிலையில்கூட இல்லாதவர்களின் பக்கம் நின்று அவர் பேசினார் என்பதை நாம் நினைவில் வைப்போம்.

நமக்கான வேலை

இந்தியாவில் நவோதயா பள்ளிகள் 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டி வளர்ந்தன. இவையும் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசு உறைவிடப் பள்ளிகளே. இடங்களில் குறைந்தது 75 விழுக்காடு ஊரகப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண் பிள்ளைகளுக்கு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு. இடம், பால், சாதி மூன்றையும் கணக்கில் எடுத்தே தேர்வு நடக்கிறது. இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு அவற்றை ஏற்கவில்லை. இப்போது நம் அரசே மாதிரிப் பள்ளிகளை நடத்துகிறது. மொழி உரிமைக்காக ஒரு வாய்ப்பை மறுக்கும் அரசுக்கு, அதற்கு ஈடான வாய்ப்பைச் சேரிப் பிள்ளைக்குத் தரும் கடமையும் இருக்கிறது. அதைக் கேட்பதால் நாம் மொழிக்கு எதிரிகள் ஆகிவிட மாட்டோம்.

இத்தகைய பள்ளிகள் சிலரைத் தூக்கிவிட்டுப் பலரை விட்டுவிடுகின்றன என்பதும் உண்மை. 150 பேரின் பள்ளி ஒரு மாநிலத்தின் பள்ளிகளுக்கு மாற்று ஆகாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் வேண்டும் என்ற கோரிக்கையை எந்த மாதிரிப் பள்ளிக்காகவும் நாம் கைவிட முடியாது. ஆனால் எல்லாப் பள்ளிகளும் சரியாகும்வரை அந்தச் சில இடங்களை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது.

ஆகவே இந்த அரங்கின் முன் ஒரு வேலையை வைக்கிறோம். நம் இரவுப் பாடசாலைகளிலும் படிப்பகங்களிலும் ஆண்டுதோறும் விண்ணப்பக் காலத்தில் உட்கார்ந்து, எந்தப் பள்ளிக்கு எப்போது விண்ணப்பம், எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருகிறது, சாதிச் சான்று வந்ததா, தலைமையாசிரியர் கையொப்பம் கிடைத்ததா என்று ஒவ்வொரு பெயராகப் பார்ப்போம். கையொப்பம் தராமல் இழுத்தடிக்கும் இடத்துக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நாமும் கூடப் போவோம். படித்து வேலைக்குப் போன நம்மில் பலருக்கு இன்று கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்கிறது. ஷெப்பர்டின் மேசைக்கு வந்ததைப் போன்ற ஒரு தாள் நம் மேசைக்கும் வரும். அன்றைக்கு நாம் எந்தக் கணக்கைப் போடப்போகிறோம் என்று இப்போதே பேசி முடிவுசெய்வோம்.