கொடைப் பொருளுக்கு விலையுண்டு, வரியுண்டா?

ஒருவர் தமது பழைய குளிர்ச்சட்டையை ஏழைக்கு நேராகக் கொடுத்தால் அதை அறம் என்கிறோம். அதையே ஓர் அற நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். நிறுவனம் அதைக் கடையில் தொங்கவிட்டு விற்று, கிடைத்த பணத்தை ஏழைக்கு அனுப்புகிறது. அந்தக் கடையில் நடப்பது அறமா, வணிகமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக அன்று விளங்கிய பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒன்று கூற, பாராளுமன்றம் வேறொன்று கூற நேர்ந்தது. நம்மவர் அதிகம் அறியாத வரலாறு அது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர் பிடியிலிருந்த கிரேக்க நாட்டில் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தனர். பகைவர் வசமான நாட்டிற்குப் பண்டங்கள் செல்லலாகாது என்று நேச நாடுகள் கடல்வழியை அடைத்திருந்தன. அடைப்பைத் தளர்த்தி உணவு செல்ல விட வேண்டுமென்று கோரிய சிலர், 1942 அக்டோபர் 5 அன்று ஆக்ஸ்போர்டு நகரின் புனித மரியா ஆலயத்தில் கூடினர். பஞ்ச நிவாரணத்திற்கான ஆக்ஸ்போர்டு குழு இவ்வாறு பிறந்தது. பின்னாளில் அதன் பெயர் ‘ஆக்ஸ்பாம்’ எனச் சுருங்கியது.

போர் முடிந்ததும் மக்கள் துணிமணிகளை வாரி வழங்கினர். குழுவின் தூணாக நின்ற செசில் ஜாக்சன்-கோல் தொழிலில் வணிகர். வந்து குவிந்தவற்றில் ஒரு பகுதியை விற்றுப் பணமாக்கலாமே என்னும் எண்ணம் செயலாகி, 1940களின் இறுதியில் பிராட் தெருவின் 17ஆம் எண் கட்டடத்தில் கடை திறந்தது. உடைகளுக்குப் பங்கீடு 1949 வரை நீடித்த நாட்டில், பழைய சட்டைக்கும் நல்ல விலை இருந்தது. அவ்வாண்டு பொறுப்பேற்ற ஜோ மிட்டி எதைக் கொடுத்தாலும் மறுப்பதில்லை. பொய்ப்பற்கள் முதல் உயிருள்ள கழுதை வரை விற்றார் என்பர். கழுதையை வாங்கியவர் யாரோ! இத்தகைய கடைகள் நாடெங்கும் பெருகின. 1966-67 பீகார் பஞ்சத்தில் நம் நாட்டவர்க்குக் கைகொடுத்த அமைப்புகளுள் ஆக்ஸ்பாமும் ஒன்று.

தொடக்க ஆண்டுகளில் இக்கடைகளுக்கு விற்பனை வரித் தொல்லை எழவில்லை. 1940இல் வந்த கொள்முதல் வரி, புதிய பொருள்கள் மொத்த வணிகரின் கையைவிட்டு நீங்கும்போது விதிக்கப்பட்டது. பழைய பொருளை அது தீண்டவில்லை. தொல்லை வேறு திசையிலிருந்து வந்தது. நம்மூர்ச் சொத்து வரியைப் போல, அங்கே உள்ளாட்சி மன்றங்கள் கட்டடங்களுக்கு வரி விதிக்கின்றன. முழுமையாகவோ பெரும்பாலுமோ அறச் செயல்களுக்குப் பயன்படும் கட்டடத்திற்குப் பாதி வரி போதும் என்றது 1967ஆம் ஆண்டுச் சட்டம். பர்மிங்காம் நகரிலிருந்த ஆக்ஸ்பாம் கடைகளுக்கு இச்சலுகை உண்டா என்பதே வழக்கு.

இல்லை என்று 1975இல் தீர்ப்பாயிற்று. பசித்தவர்க்கு உணவளிப்பது அறச்செயல். அதற்குப் பணம் திரட்டுவது அச்செயலுக்கு முந்திய வேறொரு செயல் என்று நீதிபதிகள் பிரித்தனர். இத்தருக்கத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மருத்துவமனை ஒன்று தனக்குரிய வீட்டை வாடகைக்கு விட்டு, வாடகையை நோயாளர்க்கே செலவிட்டாலும், அந்த வீடு மருத்துவமனை ஆகிவிடுமா? மேலும், அடுத்த கதவில் கடை நடத்தும் சிறு வணிகர் முழு வரி செலுத்துகிறார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

ஆயினும் பாராளுமன்றம் அடுத்த ஆண்டே, 1976இல், அறக்கடைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிச் சலுகையை நிலைநாட்டியது. அச்சட்டம் கடைகள் அனைத்திற்கும் கதவைத் திறந்துவிடவில்லை என்பது நோக்கத்தக்கது. விற்கப்படுபவை முழுமையாகவோ பெரும்பாலுமோ கொடையாக வந்த பொருள்களாய் இருத்தல் வேண்டும். செலவு போக எஞ்சிய பணம் அறத்திற்கே சேர வேண்டும். 1990இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி இச்சலுகை எண்பது விழுக்காடாக உயர்ந்தது. எஞ்சிய இருபதையும் விட்டுக்கொடுக்க உள்ளாட்சி மன்றம் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம்.

விற்பனை மீதான வரியிலும் இந்த அளவுகோலே ஆள்கிறது. 1973 ஏப்ரல் 1 முதல் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. அது பழைய பொருளையும் தொடக்கூடிய வரி. அற நிறுவனம் விற்கும் கொடைப் பொருளுக்கு இவ்வரியில் விலக்கு என்பதைவிடச் சிறந்த ஓர் இடம் அமைந்தது: வரி உண்டு, ஆனால் அதன் விகிதம் சுழியம். வரியே இல்லையென்றால் என்ன, சுழியம் என்றால் என்ன என்று வாசகர் வினவலாம். வேறுபாடு பெரிது. வரி விலக்கு மட்டும் பெற்ற கடை, தொலைபேசிக்கும் பைகளுக்கும் அலமாரிகளுக்கும் தான் செலுத்திய வரியைத் திரும்பப் பெற இயலாது. சுழிய விகிதத்தில் விற்கும் கடையோ, பதிவு செய்துகொண்டு, அந்த வரியை அரசிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம். ஆக, அரசு தன் பங்கைக் கேளாதிருப்பதோடு, வாங்கியதையும் திருப்பித் தருகிறது.

பழைய பொருள் வணிகரின் நிலை வேறு. அவர் குளிர்ச்சட்டையை ஒருவரிடம் விலைக்கு வாங்கி விற்கிறார். பதிவு பெற்ற வணிகராயின், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடைப்பட்ட தொகைக்கு வரி செலுத்தும் முறை அவருக்கு உண்டு. அவரிடம் சட்டையைத் தந்தவர் காசு பெற்றுச் சென்றார். அறக்கடைக்குத் தந்தவரோ வெறுங்கையோடு வீடு திரும்பினார். சட்டை ஒன்றே, வாங்குபவரும் ஒருவரே ஆகலாம். எனவே சலுகை உண்மையில் கடைக்கன்று, அந்த வெறுங்கைக்கே உரியது என்பது என் கருத்து. சிறு வணிகரின் குறை இதனால் தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை. அறக்கடைகள் வரிசையாய் அமைந்த தெருக்களில் அவர் இன்றும் முறையிடுகிறார்.

கோடு எவ்வளவு நுட்பமானது என்பதைக் காண அக்கடைகளுள் ஒன்றில் நுழைந்தாலே போதும். யாரோ தந்த சட்டைக்குச் சுழிய வரி. அதன் அருகே, நிறுவனம் விற்பதற்கென்றே விலைக்கு வாங்கி அடுக்கிய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகள். அவற்றின் வருவாயும் ஏழைக்கே போகிறது, ஆனால் அவற்றுக்கு 2011 முதல் இருபது விழுக்காடு வரி. ஒரே பணப்பெட்டியில் விழும் இரு தொகைகளையும் கணக்கர் மாலையில் தனித்தனியே எழுதி வைக்கிறார்.