‘மனிதன்’ என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள்?

கல்லூரியில் நவீன அரசியல் கோட்பாடு படிக்கும் தோழர்கள் ஜான் லாக்கைக் கடந்துதான் வந்திருப்பீர்கள். மனிதர் அனைவரும் இயற்கையிலேயே சுதந்திரமானவர்கள், சமமானவர்கள் என்று எழுதியவர். அதே லாக், ஆப்பிரிக்கர்களை விலைபேசி விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்குதாரர். 1669இல் கரோலினா குடியேற்றத்துக்கு எழுதப்பட்ட சட்டம் கறுப்பு அடிமையின் மீது எஜமானனுக்கு முழு அதிகாரம் கொடுத்தது. அதை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

‘அந்தக் காலம் அப்படி’ என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. தத்துவ அறிஞர் சார்லஸ் மில்ஸ் 1997இல் எழுதிய ‘இன ஒப்பந்தம்’ நூலில் இதைத்தான் விளக்கினார்: சமூக ஒப்பந்தம் வெள்ளையர் தங்களுக்குள் செய்துகொண்டது, மற்றவர்களை விலக்கியது அதன் பிழையல்ல, அதன் நிபந்தனை.

1789இல் பிரான்ஸ் மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. அப்போது அதன் கரும்புக் காலனியான செயின்ட் டொமிங்கில் சுமார் 5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். சொத்துரிமை புனிதமானது என்றது பிரகடனம். அந்த மக்களோ சட்டத்தின் கண்ணில் சொத்து! 1791 ஆகஸ்டில் அவர்களே கிளர்ந்தெழுந்தார்கள். அதன் பிறகுதான், 1794இல், பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீண்டும் கொண்டுவர முயன்றபோது, அவனது படையைத் தோற்கடித்து 1804இல் ஹெய்தி என்ற விடுதலை நாட்டை அமைத்தார்கள். நிற வேற்றுமையை ஒழித்த 1805ஆம் ஆண்டு அரசியல் சட்டம், குடியுரிமை பெற்ற ஜெர்மானியர், போலந்துக்காரர் உட்பட எல்லாக் குடிமக்களையும் ‘கறுப்பர்’ என்றே அழைத்தது.

இதற்கு ஹெய்தி கொடுத்த விலை பெரிது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. அடிமைப்பட்டவர்களுக்கு அல்ல, அவர்களை இழந்த முதலாளிகளுக்கு!

அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வில் மனு கொடுத்ததை அறிந்த அண்ணல் அம்பேத்கர், 1946இல் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி அதன் பிரதிகளைக் கேட்டார். அவர்களது நிலைக்கும் நமது நிலைக்கும் உள்ள ஒற்றுமை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே தோழர்களே, லாக்கையும் படிப்போம், ஹெய்தியையும் படிப்போம். சமத்துவம் பேசும் எந்த நூலைத் திறந்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்போம்: இதில் வரும் ‘மனிதன்’ யார்?