லண்டன் அரசு வடிவமைப்புப் பள்ளி

1837 ஜூன் 1 அன்று லண்டன் சாமர்செட் மாளிகையில் தொடங்கப்பட்ட பள்ளி. துணி, பீங்கான், கம்பளம், சுவர்த்தாள் போன்ற ஆலைப் பொருள்களுக்குப் பூவேலையும் உருவரையும் வரையத் தெரிந்தவர்களை உருவாக்குவதற்காக இங்கிலாந்து அரசு தன் செலவில் நடத்திய முதல் கலைப் பள்ளி இதுவே. இன்றைய ராயல் கலைக் கல்லூரி இதிலிருந்து வளர்ந்தது. சென்னை உட்பட இந்திய நகரங்களின் கலைப் பள்ளிகளிலும் இதன் பாடமுறை நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது.

இப்படி ஒரு பள்ளி வேண்டும் என்ற எண்ணம் பிரான்சில் முன்பே செயலாகிவிட்டது. செவ்ர் பீங்கான் ஆலையில் அலங்கார வேலைகளைக் கவனித்துவந்த ஓவியர் ழான் ழாக் பஷெலியே, 1766இல் பாரிஸில் ஓர் இலவச வரைகலைப் பள்ளியைத் திறந்தார். தச்சர், கல்தச்சர், பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வடிவியல், உருவம், பூவேலை மூன்றையும் கற்றார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோவிலும் 1760இலேயே நெசவுத் தொழிலுக்காக ஒரு வரைகலைப் பள்ளி தொடங்கியிருந்தது. இங்கிலாந்து விழித்துக்கொண்டது இவற்றுக்கு வெகுகாலம் கழித்துத்தான்.

அதற்குக் காரணம் வியாபாரம். மான்செஸ்டர் ஆலைகள் மலிவாகவும் வேகமாகவும் துணி அச்சிட்டன. ஆனால் துணியில் விழும் பூ பெரும்பாலும் பிரான்சிலிருந்து வாங்கியதாகவோ பார்த்து எடுத்ததாகவோ இருந்தது. லியோன் நகரப் பட்டின் அழகோடு போட்டிபோட முடியவில்லை. இதை விசாரிக்க வில்லியம் ஈவர்ட் தலைமையில் 1835–36இல் கூடிய நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரையால் பள்ளி பிறந்தது. அரசு 1,500 பவுண்டு ஒதுக்கியது. அடுத்தவன் பூவைத் திருடுவது மலிவாக இருக்கும்வரை சொந்தமாக வரைபவருக்கு ஆலையில் மதிப்பிருக்காது. வடிவங்களுக்கான காப்புரிமைச் சட்டம் 1839இலும் 1842இலும் வலுப்பெற்றதை இந்தப் பள்ளியின் கதையிலிருந்து பிரிக்க முடியாது.

பள்ளியின் நிர்வாகக் குழுவில் ராயல் அகாதெமி ஓவியர்கள் இருந்தார்கள். தங்கள் கழகத்துக்குப் போட்டி முளைத்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் கண்ணாக இருந்தார்கள். மனித உருவம் வரையக் கற்பிக்கக் கூடாது, படிப்பவர் ஓவியராகப் போவதில்லை என்று உறுதி தர வேண்டும் என்றெல்லாம் விதித்தார்கள். மனித உருவத்தை வரையத் தெரிந்த கைக்கே எந்த வடிவமும் வசப்படும், கைவினைஞருக்கும் அதுவே அடித்தளம் என்று வாதாடிய ஓவியர் பெஞ்சமின் ராபர்ட் ஹேடன், லெஸ்டர் சதுக்கத்தில் ஒரு போட்டிப் பள்ளி உருவாகத் துணைநின்றார். இவ்விஷயத்தில் நியாயம் ஹேடன் பக்கமே இருந்தது. பள்ளியின் விதி கல்வியைப் பற்றியதே அல்ல, கைத்தொழிலாளி தன் எல்லையைத் தாண்டிவிடுவானோ என்ற அச்சம்.

1838இல் பொறுப்பேற்ற வில்லியம் டைஸ் பிரஷ்யா, பவேரியா, பிரான்ஸ் நாடுகளின் தொழிற்பள்ளிகளைப் பார்வையிட்டு வந்தவர். அவர் எழுதிய வரைகலைப் பாடநூல் நேர்கோட்டில் தொடங்கி, வளைகோடுகளைக் கடந்து, இலைக்கும் பூவுக்கும் வந்து சேர்கிறது. இயற்கையை அப்படியே பெயர்த்து எழுதக் கூடாது, தறிக்கும் அச்சுக்கும் ஏற்ற ஒழுங்குக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்ற கொள்கையை இங்கிலாந்தில் பாடமாக்கியவர் அவர்தான்.

1842இல் பெண்களுக்கென ஒரு பிரிவு திறந்தது. ஃபேனி மக்கியன் அதன் பொறுப்பாளர். சொந்தச் சம்பாத்தியம் தேவைப்பட்ட நடுத்தரக் குடும்பப் பெண்கள் மரச்செதுக்குப் படமும் பீங்கான் ஓவியமும் கற்றார்கள். இடநெருக்கடியைக் காரணம் காட்டி 1848இல் இப்பிரிவைத் தெருவின் எதிர்ப்புறத்தில் ஒரு சோப்புக் கடையின் மாடிக்கு மாற்றினார்கள். நன்றாக நடந்துவந்த வகுப்புக்கு இழைக்கப்பட்ட அநீதி அது.

மான்செஸ்டர், பர்மிங்காம், கிளாஸ்கோ போன்ற தொழில் நகரங்களிலும் பள்ளிகள் பரவின. இருந்தும் ஆலை முதலாளிகளின் குறை தீரவில்லை. 1849இல் இன்னொரு நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு அமர்ந்தது. 1851இன் மாபெரும் பொருட்காட்சி நிலைமையைப் பட்டவர்த்தனமாக்கியது. பிரிட்டிஷ் எந்திரங்களை உலகமே வியந்தது. அலங்காரத்தில் இந்தியத் துணிகளும் உலோகவேலைகளும் முன்னே நின்றன. அரசு 5,000 பவுண்டு தந்து, மாணவர்களுக்கு முன்மாதிரியாகப் பொருட்காட்சியிலிருந்து வாங்கச் சொன்னபோது இந்தியப் பொருள்கள் கணிசமாக இடம்பெற்றன. ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட அலங்கார இலக்கண நூலிலும் இந்திய வடிவங்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு.

1852இல் இப்பள்ளிகளின் பொறுப்பு அரசு அதிகாரி ஹென்றி கோலிடம் வந்தது. மார்ல்பரோ மாளிகையில் அவர் அமைத்த அருங்காட்சியகத்தில், தவறான கொள்கையில் செய்தவை என்ற அறிவிப்போடு ஒரு பகுதி இருந்தது. நாரை உருவில் ஒரு கத்தரிக்கோல், பூவின் நடுவிலிருந்து சுடர் எழும் எரிவாயு விளக்கு, பொருட்காட்சி நடந்த கண்ணாடி மாளிகையின் காட்சியே திரும்பத் திரும்ப வரும் சுவர்த்தாள் எல்லாம் அங்கே தண்டனைக்கு நின்றன. உற்பத்தியாளர்கள் கொதித்தெழவே அப்பகுதி விரைவில் மூடப்பட்டது. வடிவமைப்புக் கல்வி என்பது கைப்பழக்கம் மட்டும் அல்ல, பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பயிற்சியும் கூட என்பதைப் பொதுமக்கள் முன் வைத்த துணிச்சலான முயற்சி அது.

அதே துணிச்சல் வகுப்பறையில் இல்லை. ரிச்சர்ட் ரெட்கிரேவ் வகுத்த தேசியப் பாடத்திட்டம் 23 படிநிலைகளைக் கொண்டது. பெரும்பாலோர் தொடக்கப் படிகளைத் தாண்டவே இல்லை. ஒரு பிளாஸ்டர் வார்ப்பின் எதிரே மாதக்கணக்கில் உட்கார்ந்து, கருஞ்சாக்கால் புள்ளி புள்ளியாக நிழல் வைத்து, கூடிப்போன இடத்தை ரொட்டித் துணுக்கால் ஒற்றியெடுப்பதே படிப்பாகிப்போனது. தறியையோ சூளையையோ தொடாமலே ஒருவர் தேர்ச்சி பெற முடிந்தது. 1857இல் பள்ளி சவுத் கென்சிங்டனுக்கு மாறியது. 1896இல் ராயல் கலைக் கல்லூரி என்று பெயர் பெற்றது.

சென்னைப் பள்ளி கோலின் சீர்திருத்தத்துக்கு முன்பே, 1850இல், அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரின் சொந்த முயற்சியில் தொடங்கியது. உள்ளூர்க் களிமண்ணில் அவருக்கிருந்த ஆர்வத்தால் மண்பாண்ட வேலை அங்கே வேரூன்றியது. பின்னர் சவுத் கென்சிங்டன் முறை இந்தியப் பள்ளிகளில் பரவியது. எந்த நாட்டுப் பூவேலையை லண்டன் முன்மாதிரியாகக் கொண்டதோ, அந்த நாட்டு மாணவர்கள் ஐரோப்பிய வார்ப்புகளைப் பார்த்து வரைய நேர்ந்தது. 1884இல் சென்னைப் பள்ளியின் பொறுப்பேற்ற ஈ. பி. ஹாவெல், சென்னை மாகாணத்துக் கைத்தொழில்களை நேரில் ஆராய்ந்து அறிக்கைகள் எழுதி, பள்ளியின் கவனத்தைக் கைவினைஞர் பக்கம் திருப்பினார். 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதே வளாகத்தில் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கைகளுக்குப் புது உலோகத்தில் வேலை கிடைத்தது. அத்தொழில் பின்னர் தனியார் நிறுவனத்துக்குக் கைமாறியது.