அதிபர் பதவிக்குப் பிறகு ஓர் உறுப்பினர்

சங்கத் தலைவராக இருந்து, அடுத்த தேர்தலில் தோற்றுப்போன ஒருவரைப் பிளாக் பிரதிநிதியாக வந்து உட்காரச் சொன்னால் ஒப்புக்கொள்வாரா? நீங்களாக இருந்தால்? கையைத் தூக்க வேண்டாம், மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். அமெரிக்காவுக்கே அதிபராக இருந்த ஒருவர் ஒப்புக்கொண்டார். அவர் ஆறாவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ்.

இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் மகன். பல நாடுகளில் தூதர், பிறகு வெளியுறவு அமைச்சர் என்று படிப்படியாக உயர்ந்தவர். 1824 தேர்தலில் தேர்வாளர் வாக்குகள் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. சபாநாயகர் ஹென்றி கிளேயின் ஆதரவால் ஆடம்ஸ் வென்றார். வென்ற கையோடு கிளேயையே வெளியுறவு அமைச்சராக்கினார். ‘பேரம்’ என்று ஜாக்சன் தரப்பு கொதித்தது. சட்டப்படி தவறில்லைதான். ஆனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்தப் பேச்சு நான்கு ஆண்டும் ஓயவில்லை. 1828-ல் ஜாக்சனிடமே தோற்றார். அவருடைய பதவியேற்புக்கும் போகவில்லை.

கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1830-ல் மாசசூசெட்ஸ் மக்கள் அவரைப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். முன்னாள் அதிபருக்கு இது கௌரவக் குறைவு இல்லையா என்ற கேள்வி வந்தபோது, ஊர் நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தால்கூடக் குறைவில்லை என்றார். 63 வயதில் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது.

அடிமை முறையை ஒழிக்கக் கோரி சபைக்கு மனுக்கள் குவிந்த காலம் அது. பெண்களுக்கு அன்று வாக்குரிமை இல்லை. மனுவில் கையெழுத்துப் போடுவதுதான் அவர்களுக்கு இருந்த வழி. 1836-ல் சபை ஒரு விதி போட்டது: அடிமை முறை பற்றிய மனு எதுவானாலும் விவாதிக்காமல் ஓரமாக வைத்துவிட வேண்டும். புகார்ப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் பூட்டுவது போலத்தான்.

ஆடம்ஸ் விடவில்லை. இத்தனைக்கும் மனுக்களில் கேட்டதையெல்லாம் அவர் ஆதரித்தவர் அல்ல. தனக்கு உடன்பாடில்லாத மனுவையும் கொண்டுவந்து வைத்தார். 1837-ல், 22 அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட மனுவைத் தாக்கல் செய்யலாமா என்று சபாநாயகரிடம் கேட்டார். தென் மாநில உறுப்பினர்கள் எழுந்து கூச்சலிட்டார்கள், கண்டனத் தீர்மானம் என்றார்கள். அந்த மனு ஒழிப்பைக் கேட்கவே இல்லை, அதற்கு எதிரானது என்பதை ஆடம்ஸ் அதன் பிறகுதான் மெதுவாகச் சொன்னார்! கிழவரின் குறும்பு எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதற்கிடையே 1841-ல், அமிஸ்டாட் கப்பலில் கிளர்ச்சி செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அவர்கள் விடுதலையானார்கள். மனு விதி 1844 டிசம்பர் 3 அன்று, அவர் கொண்டுவந்த தீர்மானத்தாலேயே நீங்கியது. எட்டு ஆண்டுப் போராட்டம்.

1848 பிப்ரவரி 21 அன்று சபையில் மெக்சிகோ போர்த் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானம் வந்தது. அந்தப் போரையே எதிர்த்தவர் ஆடம்ஸ். ‘இல்லை’ என்று உரக்க வாக்களித்தார். சற்று நேரத்தில் தன் இருக்கையிலேயே சாய்ந்தார். சபாநாயகர் அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். இரண்டு நாள் கழித்து, 80 வயதில், அங்கேயே உயிர் பிரிந்தது.