சென்னையில் ஒரு சதுரங்கக் கழகம்

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரைத் தாங்கிய சதுரங்கம் பாரத நாட்டிலே தோன்றிய ஆட்டம் என்பதை ஆராய்ச்சியாளருட் பெரும்பாலார் ஒப்புவர். ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டளவில் வட பாரதத்தில் ஆடப்பெற்ற இவ்வாட்டம் பாரசீகஞ் சென்று, அராபியர் கைப்பட்டு, பின்னர் ஐரோப்பாவை அடைந்தது. தமிழர் இதனைத் தெய்வத்தோடும் தொடர்புபடுத்தினர். சோழ நாட்டிலே நீடாமங்கலத்துக்கு அணித்தாகவுள்ள திருப்பூவனூரில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். இறைவன் மானுட வடிவில் வந்து, சதுரங்கத்தில் எவராலும் வெல்லப்படாத அரசகுமாரியை வென்று மணம்புரிந்தான் என்று அத்தலத்தின் வரலாறு கூறும்.

இத்துணைப் பழமை இருந்தும், 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகச் சதுரங்க அரங்கிலே இந்தியர் பெயர் அரிதாகவே கேட்டது. இதற்கு ஒரு காரணம் விதிகளின் வேறுபாடு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் ஆட்டத்தை மாற்றிக்கொண்டனர். அரசிக்குப் பேராற்றல் தந்தனர். காலாள் முதல் நகர்விலே இரண்டு கட்டம் செல்லும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. இந்தியாவிலோ, காலாள் எப்போதும் ஒரு கட்டமே செல்லும். அரசன் ஆட்டத்தில் ஒருமுறை குதிரைபோலத் தாவலாம். இவ்விதிகளில் ஊறியவர் வெளிநாட்டவரோடு ஆடப் புகுந்தபோது, தொடக்க நகர்வுகளிலேயே பின்தங்கினர்.

விதிகளைக் காட்டிலும் பெரிய தடை ஒன்றும் இருந்தது. அது தனிமை. பஞ்சாப்பைச் சேர்ந்த சுல்தான் கான் வாழ்க்கை இதற்குச் சான்று. செல்வர் ஒருவரின் பரிவாரத்தில் ஒருவராக 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற இவர், மேலைநாட்டு விதிகளை அண்மையிலேயே கற்றவராயினும், அவ்வாண்டிலேயே பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றார். 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிடைத்தது. முன்னாள் உலகச் சாம்பியனாகிய கபபிளாங்காவையும் அவர் ஓர் ஆட்டத்திலே வென்றார். ஆயின், 1933இல் தாயகம் திரும்பியபின் சர்வதேச அரங்கிற்கு அவர் மீளவேயில்லை. அவருடைய கலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும், அவரோடு நாள்தோறும் பொருதி வளரவும் ஓர் இளைஞர் கூட்டம் அவரைச் சூழ அமையவில்லை. 1966இல் அவர் மறைந்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை வழங்கியது 2024ஆம் ஆண்டிலேதான்.

அவருக்குப்பின் இந்தியாவின் பெயரை உலக அரங்கிற்குக் கொண்டுசென்றவர் மானுவல் ஆரோன். 1935இல் பர்மாவிலே பிறந்து, தமிழ்நாட்டிலே வளர்ந்தவர். 1959 முதல் 1981 வரையுள்ள காலத்தில் ஒன்பது முறை இந்தியத் தேசியச் சாம்பியனாக விளங்கினார். 1961ஆம் ஆண்டில், ஆசிய, அவுஸ்திரேலிய வலயத்தின் இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியரான சிசில் பேர்டியை வென்று, சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். அவ்வெற்றி அவரை 1962இல் ஸ்டொக்ஹோம் நகரிலே நடைபெற்ற வலயங்களுக்கிடையிலான பெருஞ்சுற்றுப்போட்டிக்கு இட்டுச்சென்றது.

அப்போட்டியின் முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆடியோர் இருபத்து மூவர். ஆரோன் பெற்றது கடைசி இடம். ஆனால் அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருள் இருவராகிய ஹங்கேரியின் போர்டிஷும் கிழக்கு ஜெர்மனியின் ஊல்மானும் அங்கே அவரிடம் தோற்றனர். பேராசான்களை வீழ்த்த வல்லவர் எவ்வாறு கடைசி இடத்தில் நின்றார்? திறமை இல்லாதவர் ஒருபோதும் அவ்விருவரையும் வென்றிருக்க முடியாது. திறமையை நாள்தோறும் தீட்டும் சாணைக்கல் தாயகத்திலே அவருக்கு இல்லை. புதிய நூல்கள் இல்லை. உயர்தரமான எதிராளிகள் இல்லை. பிழையைச் சுட்டிக்காட்டுவோரும் இல்லை. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டவரான இரவிக்குமார் சர்வதேச மாஸ்டராகும் வரை, பதினேழு ஆண்டுகள், பரந்த இந்தியாவிலே அப்பட்டத்தை உடையவர் ஆரோன் ஒருவரே.

அத்தனிமையை அனுபவித்தவரே அதற்கு மருந்துங் கண்டார். 1972ஆம் ஆண்டு, சென்னையில் இருந்த சோவியத் பண்பாட்டு நிலையத்திலே ஒரு சதுரங்கக் கழகம் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. லத்துவியாவின் ரீகா நகரில் பிறந்து, 1960இல் பொட்வினிக்கை வென்று உலகச் சாம்பியனான மிகையில் தால் என்பவரின் பெயர் கழகத்துக்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டில்தான் ஐஸ்லாந்திலே அமெரிக்கரான பொபி பிஷரும் சோவியத் வீரரான ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்துக்காகப் பொருதினர். வல்லரசுகள் இரண்டின் பகைமை அறுபத்து நான்கு கட்டங்களின்மேல் வெளிப்பட்டது. உலகச் செய்தித்தாள்கள் சதுரங்கத்தை முதற் பக்கத்தில் எழுதின. அந்த அலை சென்னைக் கரையையும் தொட்டது.

சோவியத் நாட்டவர் சதுரங்கத்தைப் பொழுதுபோக்காக மாத்திரம் கருதவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கென அமைந்த இளைஞர் மாளிகைகளிலே பயிற்சியாளரை அமர்த்தி, நூல்களையும் சஞ்சிகைகளையும் மலிவாக அச்சிட்டு, நாடெங்கும் கழகங்களை வளர்த்தனர். சென்னைக் கழகத்துக்கு அவர்களிடமிருந்து கிடைத்தவை பலகைகள், கடிகாரங்கள், நூல்கள் முதலியன. விலைமதிப்பில் இவை பெரியன அல்ல. ஆயினும், இந்தியச் சிறுவன் ஒருவன் கடைவீதியெங்கும் தேடினாலும் அக்காலத்தில் எளிதிற் காணமுடியாத பொருள்கள் இவை.

இக்கருவிகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை விளங்கிக்கொண்டால், ஒரு கழகத்தின் உள்ளியக்கம் தெளிவாகும். சதுரங்கக் கடிகாரம் இரட்டை முகமுடையது. ஒருவர் தம் நகர்வை முடித்துப் பொத்தானை அழுத்தியதும் அவருடைய நேரம் நிற்க, எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். வீட்டுத் திண்ணையில் ஒரு நகர்வுக்கு அரை மணி நேரம் சிந்திப்பவர், கழகத்திலே தம் நேரத்தைச் செலவறிந்து செலவிடக் கற்கிறார். கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் இட்டு ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதிவைக்கும் வழக்கம் மற்றொன்று. எழுதப்பட்ட ஆட்டம் மறைவதில்லை. தோற்றவர் வென்றவரோடு அமர்ந்து, எந்த நகர்விலே ஆட்டம் கைநழுவியது என்று மீண்டும் ஆடிப் பார்க்கலாம். பகைவராய் அமர்ந்த இருவர் ஆட்டம் முடிந்தவுடன் ஆசிரியரும் மாணவருமாக மாறுவது கழகங்களிலே நாளும் காணும் காட்சி.

போட்டி முறைகளும் அவ்வாறே கல்விக்கு உதவுவன. தோற்றவரை உடனே வெளியேற்றும் முறையில் இளையவர் ஓர் ஆட்டத்தோடு வீடு செல்வர். வென்றவரை வென்றவரோடும், தோற்றவரைத் தோற்றவரோடும் சுற்றுத்தோறும் சேர்க்கும் சுவிஸ் முறையிலோ, ஒருவரும் இடையில் விலக்கப்படுவதில்லை. ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்ற எதிராளியைப் பெறுவர். 1970ஆம் ஆண்டிலிருந்து உலகச் சம்மேளனம் கையாண்டுவரும் தரப்புள்ளி முறை, எவர் எவ்வளவு வளர்ந்தார் என்பதை எண்ணாலே காட்டிவிடுகிறது.

தால் கழகத்தில் ஆடப்பெற்ற விரைவாட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. வென்றவர் இருக்கையிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து, காத்திருப்போர் வரிசையின் கடைசியிலே போய் நிற்பார். வயது, படிப்பு, பதவி ஆகிய எவற்றுக்கும் அங்கே சலுகை இல்லை. 1969இல் பிறந்து, ஆறாம் வயதளவில் தாயாராகிய சுசீலாவிடம் சதுரங்கம் கற்ற விசுவநாதன் ஆனந்த் இக்கழகத்துக்கு வந்த சிறுவர்களுள் ஒருவர். பெரியோரிடம் தோற்றுத் தோற்று வரிசையில் நின்ற பிள்ளை, இருக்கையை விட்டெழாதிருக்கும் வழியைக் கற்றுக்கொண்டது. விரைந்து கண்டு விரைந்து நகர்த்தும் திறன், பின்னாளில் உலகமே வியந்த அந்த மின்னல் வேகம், இத்தகைய மாலைப்பொழுதுகளிலே வளர்ந்ததென்று அவரே பலமுறை எடுத்துரைத்துள்ளார்.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1983இல் இந்திய இளஞ்சிறார் சாம்பியன் போட்டியில் ஆடிய ஒன்பது ஆட்டங்களையும் ஆனந்த் வென்றார். 1987இல் உலக இளையோர் பட்டம். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்னும் சிறப்பு. 2000இலும், மீண்டும் 2007 முதல் 2013 வரையும் உலகச் சாம்பியன் பட்டம். 2001ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த விஜயலட்சுமி மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 2022இல் மாமல்லபுரத்திலே உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2020இல் ஆனந்த் தொடங்கிய பயிற்சிக் கழகத்திலே பயின்றவரும் சென்னையிற் பிறந்தவருமாகிய குகேஷ், 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி, சிங்கப்பூரிலே தம் பதினெட்டாம் வயதில் உலகச் சாம்பியனானார். இன்று இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்கள் எண்பதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டினர்.

ஒரு கழகமே இவ்வனைத்தையும் செய்தது என்று கூறுவது மிகையாகும். பெற்றோரின் தியாகம், பள்ளிகளின் ஆதரவு, மாநிலச் சங்கத்தின் இடையறாத போட்டிகள், அரசின் உதவி ஆகிய பலவும் சேர்ந்தே இவ்வளர்ச்சியைத் தந்தன. எனினும், சுல்தான் கானுக்கும் ஆனந்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிந்திக்கத்தக்கது. இருவருக்கும் இயற்கை வழங்கிய கொடை பெரிது. முன்னவர் பெற்ற கலை அவரோடு நின்றது. பின்னவருக்கு முன்னே ஓர் ஆரோன் இருந்தார். ஆரோன் தாம் பட்ட தனிமையை அடுத்த தலைமுறை படலாகாது என்று கருதி ஓர் அறையைத் திறந்துவைத்தார். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. அந்த அறையிலே பயின்ற பழக்கங்களோ தமிழ்நாடெங்கும் பரவி நின்றன.

இவ்வரலாறு யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு, அவற்றுள்ளும் தீவக ஊர்களுக்கு, அயலார் கதை அன்று. காரைநகர் போன்ற ஊரில் தாயமும் நாயும் புலியும் ஆடி, எதிரியின் எண்ணத்தை முன்னறியப் பழகிய முதியோர் இருந்திருக்கின்றனர். கணிதத்திலே தேர்ந்த மாணவர் அங்குள்ள பள்ளிகளிலே தலைமுறை தலைமுறையாக உருவாகியுள்ளனர். பொன்னாலைத் தாம்போதி அமையுமுன் கடல் கடந்தே குடாநாட்டை அடைந்த மக்களுக்குத் தனித்திருப்பதன் இழப்பு எடுத்துரைக்க வேண்டியதன்று. கூர்ந்த மதியுடைய பிள்ளை ஒன்று எதிராளி இல்லாமல் தன் அண்ணனையே வென்று வென்று சலித்துப்போவதும் அவ்வகை இழப்பே.

இக்காலத்தில் கைத்தொலைபேசி வழியாகவே உலகின் எம்மூலையிலுள்ளவரோடும் ஆடலாம் என்பது உண்மை. அதனாற் பெறும் பயன் பெரிது. ஆயினும் முகமறியா எதிராளி வென்றவுடன் மறைந்துவிடுகிறான். தோற்ற பிள்ளையின் அருகே அமர்ந்து, இந்த இடத்திலே குதிரையை நகர்த்தியிருந்தால் என்னவாயிருக்கும் என்று கேட்கும் பெரியவர், தோல்வியைத் தாங்கும் பண்பையும் சேர்த்தே கற்பிக்கிறார். அதற்கு ஓர் இடமும் ஒரு நேரமும் வேண்டும்.

அவ்விடம் பெரும்பாலான ஊர்களிலே முன்னரே இருக்கிறது. செய்தித்தாள் படிக்கவென ஊரவர் கூட்டுமுயற்சியால் எழுப்பிய வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் மாலையிலே திறந்திருப்பவை. நான்கு பலகை, இரண்டு கடிகாரம், ஆட்டங்களை எழுதிவைக்க ஒரு கொப்பி, தவறாது கூடும் ஒரு நாள். இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். ஆண்டுக்கொருமுறை அயலூர்க் கழகத்தை அழைத்து, பலகைக்கு ஒருவராக அமர்ந்து பொருதினால் போட்டியும் தானே வளரும். சிறுவருக்கும் சிறுமியருக்கும் ஒரே வரிசையிலே இடமளித்தல் வேண்டும். வென்றவர் இருக்க, தோற்றவர் வரிசையின் கடைசிக்குச் செல்லும் அந்தப் பழைய விதியையும் சுவரிலே எழுதிவைக்கலாம். அவ்வரிசையில் நிற்கும் பிள்ளைகளுள் எவர் நாளை உலகறிய விளங்குவார் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. 1972இல் சென்னையிலும் அதை எவரும் அறிந்திருக்கவில்லை.